கடற்கரையில் ஒரு பாராசூட் விசாரணை

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? சிலர் மணக்குள விநாயகரைத் தரிசிக்க. சிலர் ஆசிரமத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார. சிலர் கடற்கரையில் காற்று வாங்க. இன்னும் சில ஆண்பிள்ளைகள் எதற்காகப் போகிறார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அவரவர் வீட்டு அம்மாளுக்கே தெரியும்! நான் போன காரணத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கப் போனேன். வாதி, என் தங்கை. பிரதிவாதி, அவளுடைய ஒரே பிள்ளை. வழக்கு என்னவென்றால், ஆகாய விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிற பட்டாளம் இந்தக் காலத்துக்குத் தேவையா, இல்லையா என்பது.

பையன் சென்னைப் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி பெறுகிறான். அதற்கே என் தங்கை மூன்று மாதம் கண்ணைக் கசக்கினாள். பிறகு ஒருவாறு தேறி, அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்தாள். அந்தச் சமயம் பார்த்து அவன், “அம்மா, பயிற்சி முடிந்ததும் பாராசூட் படைக்கு மனுப்போடப் போகிறேன்” என்றான். அன்றிலிருந்து அவள் வீட்டுக் குழம்பில் உப்பு சரியாக விழவில்லை.

“அக்கா, நீயே சொல்லு. ராக்கெட் வந்தாச்சு, ஏவுகணை வந்தாச்சு, ஆளே இல்லாத விமானம் வந்தாச்சு. இந்தக் காலத்திலே மனுஷன் குடையைப் பிடிச்சுக்கிட்டு வானத்திலிருந்து இறங்கணுமா? கீழே இருக்கிறவன் கொய்யாக்காய் அடிக்கிற மாதிரி அடிச்சுத் தள்ள மாட்டானா?” என்று கேட்டாள்.

எனக்குப் பாராசூட் என்றால் தலையில் தடவிக்கொள்ளும் தேங்காய் எண்ணெய்தான் தெரியும். ஆகவே, தீர்ப்பை ஒத்தி வைத்தேன். அடுத்த வாரம் புதுச்சேரியில் உறவுக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. பையனுக்கும் நாலு நாள் லீவு கிடைத்தது. மூன்று பேருமாகக் கிளம்பினோம். யுத்த சம்பந்தமான சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் புதுச்சேரியைப் போன்ற ஊர் வேறில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வளைகாப்பு முடிந்த அன்று மாலை கடற்கரைச் சாலைக்குப் போனோம். நீங்களும் மாலையிலேயே போங்கள். அந்த நேரத்தில் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. குழந்தைகள் நடு வீதியில் ஓடலாம்; தாய்மார்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் நிற்பார். அந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரர் விட்டுப் போன சொத்து. மஞ்சள் பூசிய மதில்களும், மதிலுக்கு மேலே வழியும் காகிதப்பூவும், பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய தெருப் பெயர்களும் அப்படித்தான். ஆனால் அவர்கள் விட்டுப் போனவற்றுள் எல்லாவற்றையும் விட மௌனமானது ஒன்று காந்தி சிலைக்குக் கொஞ்ச தூரத்தில் கடலோரமாக நிற்கிறது. அதுதான் யுத்த ஞாபகச் சின்னம்.

முதல் உலக யுத்தத்தில் உயிர் நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-ம் வருஷம் திறந்து வைத்த சின்னம் அது. உயரமான தூண்களுக்கு முன்னால் ஒரு சிப்பாய் துப்பாக்கியுடன் தலை குனிந்து நிற்கிறான். வெற்றி வீரனைப் போல மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்திலே யாரையோ புதைத்துவிட்டு வந்து நிற்பவன் போல இருக்கிறான். பின்புறத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த தகடு இருக்கிறது. என் தங்கை அந்தச் சிப்பாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பையனுக்கு நிலைமை புரிந்துவிட்டது. சட்டென்று சுண்டல் வாங்கி வந்தான். சுண்டலைத் தின்று முடித்ததும் அந்தக் காகிதக் கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, “பெரியம்மா, இதுதான் பாராசூட்” என்று பாடத்தை ஆரம்பித்தான்.

அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பட்டாளத்துப் பாராசூட்டைக் குதிக்கிறவன் கையால் இழுத்துத் திறக்க வேண்டியதில்லை. விமானத்துக்குள்ளே ஒரு கம்பி கட்டியிருக்கும். நாம் துணி உலர்த்தும் கொடியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பையிலிருந்து வரும் நாடாவின் கொக்கியை அதிலே மாட்டிவிட்டு, வரிசையாகப் போய் வாசலில் குதிக்க வேண்டும். ஆள் கீழே விழ விழ, நாடா பாராசூட்டை வெளியே இழுத்து விரித்துவிடும். அது விரியாமல் போனால் முன்பக்கம் கட்டியிருக்கும் இன்னொன்றைத் திறக்கலாம். தரையைத் தொடுவது, ஐந்தாறு அடிச் சுவரிலிருந்து குதிப்பது போலத்தான் இருக்குமாம். பழைய நாளில் பட்டுத் துணியில் தைத்தார்கள். பிறகு நைலான் வந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம் துணிப் பஞ்சத்தினால் ஐரோப்பாவில் எத்தனையோ மணப்பெண்கள் பாராசூட் துணியிலேயே கல்யாண உடுப்புத் தைத்துக்கொண்டார்கள். நம் ராணுவத்துக்குக் கான்பூரிலே பாராசூட் தொழிற்சாலை இருக்கிறது. குதிக்கப் பழக்கும் பள்ளி ஆக்ராவில். ஐந்து முறை குதித்துத் தேறினால் மார்பில் சிறகுச் சின்னம் கிடைக்கும்.

“தாஜ் மஹாலைப் பார்க்கப் போற ஊரிலே போய்க் குதிக்கிறாங்களாம்!” என்றாள் என் தங்கை.

இந்தச் சமயத்தில், பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மெதுவாகத் திரும்பினார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. வயது எண்பதை எட்டிக்கொண்டிருக்கும். “மன்னிச்சுக்கணும்மா. தம்பி பேசறது காதிலே விழுந்தது. எங்கப்பா சொல்தா” என்றார்.

‘சொல்தா’ என்பது புதுச்சேரித் தமிழ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1881-ம் வருஷம் வந்த சட்டத்தின்படி, பரம்பரை வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தையும் ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்ட தமிழர்கள் இங்கேயும் காரைக்காலிலும் அநேகம். அவர்களில் பலர் இந்தோ-சீனாவுக்கு, அதாவது வியத்நாம் பக்கத்துக்கு, உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் கப்பலேறினார்கள். சைகோனில், இப்போது அதற்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர், நம்மவர்கள் மாரியம்மனுக்குக் கோயில்கூடக் கட்டினார்கள். கோயில் இன்றும் இருக்கிறது. பெரியவரின் தகப்பனார் அந்தச் சைகோனில் ராணுவக் கிடங்கில் கணக்குப் பார்த்தவர்.

“எனக்கு அப்போ ஏழெட்டு வயசு. தியன் பியன் பூவிலே பாராசூட் பட்டாளம் இறங்கிடுச்சுன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. இறங்கிட்டாங்க, இறங்கிட்டாங்கன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எங்கப்பா மட்டும் சாப்பிடறப்போ அம்மாகிட்டே கேட்டார், ‘இறங்கினது சரி, எப்படித் திரும்புவான்?’ அந்த ஒரு வார்த்தை இன்னும் காதிலேயே நிக்குது” என்றார் பெரியவர்.

பெயரில் ‘பூ’ இருக்கிறதே தவிர, தியன் பியன் பூவில் நடந்தது பூப் போன்ற காரியமல்ல. அது வடக்கு வியத்நாமில் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. ஹனோய் நகரத்திலிருந்து ஆகாய மார்க்கமாகச் சுமார் 300 கிலோமீட்டர். அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் லாவோஸ் தேசத்துக்குப் போகும் வழியை அடைக்கலாம், எதிரியைச் சண்டைக்கு இழுத்து நசுக்கிவிடலாம் என்று பிரெஞ்சுத் தளபதிகள் கணக்குப் போட்டார்கள். 1953-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி அறுபதுக்கு மேற்பட்ட டகோட்டா விமானங்கள் பறந்து போய்ப் பாராசூட் வீரர்களை உதிர்த்தன. சில நாளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறங்கிவிட்டார்கள். குதித்த வரைக்கும் பெரிய வெற்றி!

அதற்குப் பிறகுதான் கணக்கு உதைத்தது. தரை மார்க்கமாக அங்கே போய்ச் சேர வழியில்லை. அரிசி, ரொட்டி, குண்டு, மருந்து எல்லாம் ஆகாயத்திலிருந்தே வர வேண்டும். சுற்றியுள்ள மலைகள் எதிரியின் கையில். அந்த மலை மேலே பீரங்கியைக் கொண்டுவர முடியாது என்று பிரெஞ்சுக்காரர் நினைத்தார்கள். வியத்நாமியத் தளபதி கியாப் ஆட்களை விட்டுக் கயிறு கட்டி இழுத்தே பீரங்கிகளை மலையேற்றிவிட்டார். அவருடைய படைக்குச் சோறு எப்படிப் போயிற்று தெரியுமா? சைக்கிளிலே! ஒரு சைக்கிளில் இருநூறு கிலோ அரிசியைக் கட்டித் தள்ளிக்கொண்டே காட்டு வழியில் போனார்கள். ஆகாய விமானத்தைச் சைக்கிள் ஜெயித்த கதை இது.

1954-ம் வருஷம் மார்ச் 13-ந் தேதி மலை மேலிருந்து பீரங்கிகள் முழங்கின. இரண்டே வாரத்தில் பள்ளத்தாக்கிலிருந்த விமானத் தளம் உபயோகமற்றுப் போயிற்று. மார்ச் 28-ந் தேதி காயம்பட்டவர்களை ஏற்றிப் போக வந்து இறங்கிய விமானம் பழுதாகி, மறுபடி கிளம்பவே இல்லை. அதிலே ஒரு நர்ஸ் இருந்தாள். பெயர் ழெனெவியேவ் த காலார். வயது இருபத்தெட்டு. திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்ததும் அவள் மண்ணுக்கடியில் தோண்டிய ஆஸ்பத்திரிக்குப் போய் வேலையை ஆரம்பித்துவிட்டாள். மேலே குண்டு மழை. கீழே சேறும் ரத்தமும். ஊர் விழுகிற வரையில் அவள் அந்தக் குழியை விட்டு அகலவில்லை. உலகப் பத்திரிகைகள் அவளைத் ‘தியன் பியன் பூவின் தேவதை’ என்று கொண்டாடின. விடுதலையாகி வந்து, 99 வயது வரை வாழ்ந்து, 2024-ம் வருஷம் மே மாதம்தான் காலமானாள்.

விமானத் தளம் போன பிறகு எல்லாமே பாராசூட்டில்தான். மனிதர்கள்கூட! பாராசூட்டில் ஒரு தடவையும் குதித்துப் பழகாத நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் தாங்களாக முன்வந்து, இருட்டில், அந்த நரகத்துக்குள் குதித்தார்கள். இவர்கள் வசம் இருந்த இடம் நாளுக்கு நாள் சுருங்கச் சுருங்க, மேலிருந்து போட்ட சாமான்களில் கணிசமான பங்கு எதிரியின் பக்கம் போய் விழுந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் பாராசூட் துணிகள் உலர்த்திய வேஷ்டிகளைப் போலப் பரவிக் கிடந்தன. மே 7-ந் தேதி எல்லாம் முடிந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே உயிருடன் திரும்பினார்கள்.

“சைகோன்லே எங்க தெருவிலே அன்னிக்கு யாரும் விளக்குப் போடல்லேம்மா” என்றார் பெரியவர். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து, ஞாபகச் சின்னத்தின் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்ல நடந்து போய்விட்டார்.

நாங்களும் எழுந்து சாலையோடு நடந்தோம். தியன் பியன் பூவுக்கும் இந்த மஞ்சள் மதில்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. அந்தத் தோல்வியில் பாரிஸ் மந்திரி சபை கவிழ்ந்தது. ஜூன் மாதம் மெந்தேஸ் பிரான்ஸ் என்பவர் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவாவில் இந்தோ-சீனாவுக்குச் சமாதானம் ஏற்பட்டது. அக்டோபர் 18-ந் தேதி, புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வோட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுவதும் சேர்ந்தது 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி. புதுச்சேரியின் சுதந்திரம் வியத்நாமில் கிடைத்தது என்று சொன்னால் அது பெரும் அபசாரம். வ. சுப்பையா முதலிய எத்தனையோ பேர் வருஷக் கணக்காகப் பாடுபட்டு வாங்கிய சுதந்திரம் அது. ஆனால், தொலைதூரத்து நாடுகளை இனிப் பட்டாளத்தைக் கொண்டு கட்டிக் காக்க முடியாது என்று பிரான்சுக்கு உறைத்ததில் அந்தப் பள்ளத்தாக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

“பார்த்தாயா அக்கா! நான் சொன்னதுதானே சரி? குதிச்சு என்ன பிரயோஜனம்?” என்றாள் என் தங்கை, வழக்கை ஜெயித்துவிட்ட குரலில்.

பையன் விடவில்லை. சுண்டல் காகிதத்தைப் பிரித்து, என் கைப்பையிலிருந்த பேனாவை வாங்கிப் படம் போட்டான். “அம்மா, இது டாக்கா. இது டாங்கைல். நடுவிலே லோஹஜங் ஆறு. இது பூங்லிப் பாலம்.”

1971-ம் வருஷத்து வங்காள தேச யுத்தம் அது. வடக்கேயிருந்து பாகிஸ்தான் படைப் பிரிவு ஒன்று டாக்காவைக் காப்பதற்காகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது பாலத்தைக் கடந்துவிடாமல் மறிக்க வேண்டும். டிசம்பர் 11-ந் தேதி மாலை நம்முடைய இரண்டாவது பாராசூட் பட்டாளத்தினர் எழுநூறு பேருக்கு மேல் டாங்கைல் அருகே குதித்தார்கள். தலைமை வகித்தவர் லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு. கேப்டன் கோஷ் என்ற அதிகாரி சில நாள் முன்னதாகவே ரகசியமாக உள்ளே புகுந்து, முக்தி வாஹினிக்காரர்களுடன் சேர்ந்து இறங்க வேண்டிய இடத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். இறங்கியதும் கிராமத்து ஜனங்கள் ஓடி வந்து சாமான்களைச் சுமந்து உதவினார்கள். அன்று இரவே பாலம் நம் கையில். மறுநாள் மாலை மராத்தாப் பட்டாளம் தரை மார்க்கமாக வந்து அவர்களுடன் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில, ஐயாயிரம் பேர் குதித்ததாக எழுதிவிட்டன. அந்தச் செய்தியே டாக்காவில் இருந்தவர்களுக்குப் பாதிப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். டிசம்பர் 16-ந் தேதி டாக்காவுக்குள் முதலில் நுழைந்தவர்களும் இந்தப் பாராசூட் வீரர்கள்தாம்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குதித்தவர்களின் தைரியத்தில் வித்தியாசம் இல்லை. பாராசூட்டிலும் இல்லை. டாங்கைலில் ஆகாயம் முழுவதும் நம் விமானப் படையின் வசம் இருந்தது. கீழே ஜனங்கள் நம் பக்கம் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாளே தரை வழியாகத் துணை வந்தது. தியன் பியன் பூவில் இந்த மூன்றும் இல்லை. 1944-ம் வருஷம் செப்டம்பரில் ஹாலந்து தேசத்து ஆர்ன்ஹெம் பாலத்துக்காகப் பத்தாயிரம் பேர் ஆகாயத்திலிருந்து இறங்கினார்களே, அங்கேயும் அப்படித்தான். தரை வழியே வர வேண்டிய படை உரிய நேரத்தில் வரவில்லை. ஆற்றைக் கடந்து மீண்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே.

நம்மவர்களுக்கும் அந்த அனுபவம் உண்டு. 1987-ம் வருஷம் அக்டோபர் மாதம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து நள்ளிரவில் நம் வீரர்களை இறக்கினார்கள். கீழே புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். மேற்கொண்டு ஹெலிகாப்டர்கள் வர முடியாமல் போனதால், அங்கே சிக்கிக்கொண்ட சீக்கியப் பட்டாளத்து முப்பது பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இதைப் பையன் சொன்னபோது அவன் குரலும் இறங்கிவிட்டது. எங்கள் மூவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அலைகள் கருங்கற்களில் மோதிக்கொண்டிருந்தன.

நான்தான் மறுபடி பேச்சை எடுத்தேன். “அப்படியானால், ஏவுகணையும் ஆளில்லா விமானமும் இருக்கிற இந்தக் காலத்தில்?” என்று கேட்டேன்.

பையன் மழுப்பாமல் பதில் சொன்னான். பட்டாளத்தை ஏற்றி வரும் விமானம் பெரியது. மெதுவாக, தாழ்வாக, நேர்க்கோட்டில் பறந்தாக வேண்டும். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கே அது சுலபமான குறி. ஆகவே, விழித்திருக்கும் பலசாலி எதிரியின் தலை மேலே ஆயிரக்கணக்கில் குதிப்பது என்பது அநேகமாகப் பழங்கதைதான். 1941-ம் வருஷம் கிரீட் தீவில் ஜெர்மானியர் அப்படிக் குதித்து ஜெயித்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதன் பிறகு ஹிட்லரே அவ்வளவு பெரிய குதிப்பை மறுபடி செய்யவில்லை. 2022-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யர்கள் உக்ரேனியத் தலைநகரான கீவுக்கு அருகே ஹாஸ்டமெல் விமான நிலையத்தில் ஹெலிகாப்டர்களில் வந்து இறங்கினார்கள். பின்னால் பெரிய விமானங்களில் பட்டாளம் வந்து குவிய வேண்டும் என்பது திட்டம். உக்ரேனியர் பீரங்கியால் அடித்த அடியில் அந்த விமானங்கள் அங்கே இறங்கவே முடியவில்லை. பெரியவரின் தகப்பனார் சாப்பாட்டு வேளையில் கேட்ட அதே கேள்வி!

“ஆனால் அம்மா, எப்போதும் குதிப்பதற்காகவே இந்தப் படை இல்லை” என்று அவன் சொன்னதுதான் எனக்குப் புதிது.

1988-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி மாலத் தீவில் ஆயுதக் கும்பல் ஒன்று புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. ஜனாதிபதி கயூம் ஒளிந்துகொண்டு இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து நம் பாராசூட் படையினர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள். விமான நிலையம் எதிரியின் கையில் இருந்தால் குதிப்பது என்றும், இல்லாவிட்டால் இறங்குவது என்றும் ஏற்பாடு. விமானம் சாதாரணமாகத் தரையிறங்கியது, ஒருவரும் குதிக்கவில்லை. காரியம் முடிந்துவிட்டது. கூப்பிட்ட சில மணி நேரத்துக்குள் கிளம்பத் தயாராக ஒரு படை இருந்ததுதான் அங்கே முக்கியம். பிரெஞ்சுக்காரர்களும் பாராசூட்டை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. 2013-ம் வருஷம் ஜனவரி மாதம் ஆப்பிரிக்காவில் திம்புக்டு நகரத்தை மீட்கும்போது சுமார் 250 பேர் இரவில் குதித்தார்கள். சிறு கூட்டம், எதிரிக்கு விமான எதிர்ப்புப் பலம் இல்லை, தரைப்படை பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

“குதிக்கிறவன் எல்லாம் சுடுகிறவனும் இல்லை, அம்மா. டாக்டர்களும் குதிக்கிறார்கள்” என்று சொல்லி, நம் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றை எடுத்தான். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்! லெப்டினன்ட் கர்னல், டாக்டர், நம் நாட்டில் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கொரியா யுத்தத்துக்கு 60-வது பாராசூட் மருத்துவப் படையை நடத்திப் போனவர். 1950-ம் வருஷக் கடைசியில் பியோங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்கியபோது, ஆஸ்பத்திரிச் சாமான்களை விட்டு வர மனமில்லாமல், கிடந்த ரயில் எஞ்சின் ஒன்றைப் பிடித்து, வாளி வாளியாகக் கை மாற்றித் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டி வந்து சேர்த்தார்கள் அவருடைய ஆட்கள். 1951-ம் வருஷம் மார்ச் மாதம் அமெரிக்கப் பாராசூட் படையுடன் முன்சான் என்ற இடத்தில் அவரும் சகாக்களுமாகப் பன்னிரண்டு பேர் குதித்து, போர்க்களத்திலேயே ரண சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பிற்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தில் சேர்ந்து அம்மை நோயை ஒழிக்கப் பாடுபட்டார்.

அந்த 60-வது மருத்துவப் படை இன்றும் இருக்கிறது. 2023-ம் வருஷம் பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது ஆக்ராவிலிருந்து பறந்து போய் ஆஸ்பத்திரி போட்டவர்கள் அவர்கள்தாம். ஒரு துருக்கிய அம்மாள் நம் ராணுவப் பெண் டாக்டரைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்ட படத்தை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் தங்கை முன்பு கண் கலங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. “அந்தப் படமா? அவங்களா இவங்க?” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நீதிபதி தீர்ப்புச் சொல்லும் வேளை வந்துவிட்டது. என் தீர்ப்பு இதுதான்: பாராசூட் ஒரு சாவியைப் போன்றது. பூட்டிய வீட்டுக்குள் சட்டென்று நுழைய உதவும். உள்ளே நுழைந்த பிறகு அடுப்பு மூட்ட, உலை வைக்க, காவல் காக்க அது உதவாது. அதற்கு வாசல் வழியாக மற்றவர்கள் வந்தாக வேண்டும். சாவியே வீடு என்று நினைத்தவர்கள் தியன் பியன் பூவில் வீட்டையும் இழந்தார்கள், பிள்ளைகளையும் இழந்தார்கள். அதற்காகச் சாவி வேண்டாம் என்று யாராவது கடலில் எறிவார்களா? சிறிய படையாக, சீக்கிரம் புறப்படக்கூடியதாக, பின்னால் துணை உறுதியாக இருக்கும்போது மட்டும் அனுப்புவதாக இருந்தால், அது இன்றைக்கும் தேவைதான்.

என் தங்கை உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை விநாயகரைத் தரிசித்துவிட்டுக் கோயில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“போறதானால் போ. ஆனா ஒண்ணு. நாளைக்கு நீயும் பெரிய அதிகாரியாகி, நாலு பேரை ‘குதி’ன்னு சொல்ற இடத்துக்கு வருவே. அப்போ, பின்னாலே தரை வழியா யார் வருவாங்க, எப்போ வருவாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காமே ஒரு பிள்ளையைக்கூடக் குதிக்கச் சொல்லாதே. ஒவ்வொருத்தனுக்கும் வீட்டிலே ஒரு அம்மா இருக்கா.”

பையன் “சரிம்மா” என்றான். கேலி செய்யவில்லை, சிரிக்கவும் இல்லை. போர்க் கல்லூரிகளில் இதை விடச் சிறந்த பாடம் சொல்லித் தருகிறார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அடுத்த முறை நீங்கள் புதுச்சேரிக்குப் போனால், ஐஸ்கிரீம் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தலை குனிந்த சிப்பாயின் எதிரே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஜூலை 14-ந் தேதி போக நேர்ந்தால், பதக்கங்கள் அணிந்த பழைய சொல்தாக்கள் அங்கே மலர் வளையம் வைப்பதையும் காணலாம்.

ஊர் திரும்பியதும் பையன் பரங்கிமலைக்குக் கிளம்பினான். அவன் பெட்டியில் என் தங்கை முறுக்கு டப்பாவை வைத்தாள். மாவடு ஜாடியை வைத்தாள். கடைசியாக நீல நிறத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றையும் செருகினாள்.

“இதுவும் பாராசூட்தான். தினம் தலையிலே தடவிக்கோ” என்றாள்.